கட்டங்கள்

வேலூர் சைதாப்பேட்டை, மாடியில் மூன்று அறை,
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகை.
வாசல் போர்டில் தமிழ் ஒரு வரி, வங்காளம் இரண்டு வரி.
அந்த இரண்டில் என்ன எழுதியிருக்கிறதென்று
பதினோரு வருடமாக எனக்குத் தெரியாது.
ஆள் வருகிறது, சரியாகத்தான் இருக்கும்.

ஞாயிறு, இரவு ஏழே முக்கால்.
ஜெராக்ஸ் கடை சாத்தியாகிவிட்டது.
இரண்டாம் அறை நிர்மல் மண்டல்
போனை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கிறார்:
‘தீதி, பி.டி.எஃப். ஒன்பது மணிக்குள்.’

பிரிண்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.
ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை
என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்,
என் பிரிண்டரில் மெஜந்தா இல்லை.
கறுப்பில் நாலு வரி அடிக்கவும்
அதற்கு மெஜந்தா வேண்டும்.
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
ஒற்றை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.
நிறுத்தும் பொத்தானை ஐந்து நொடி
அமுக்கிப் பிடித்தால் சமாதானமாகும்.

ஆனது.
முதலில் வந்தது அவருடையதல்ல.
பங்குனிக்குப் பிறகு இன்றுதான் இந்த லேப்டாப்பை
ஒயரில் செருகினேன்.
அன்று எத்தனை முறை அழுத்தியும் வராமல்
எந்த வரிசையில் பதுங்கியிருந்ததோ,
காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு ஒரு டிக்கெட்,
இரண்டு பேருக்கு.
அந்த மனிதர் போகும்போது ஒருவராகத்தான் போனார்.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு இவருடையது.
முத்திரை வந்தது. தேதி வந்தது. ரூபாய்க் குறி வந்தது.
மற்றதெல்லாம் கட்டம்.
கட்டம், கட்டம், கட்டம்.
திரையில் கொடியில் காயும் துணிபோல
மேல்கோட்டில் தொங்கிய எழுத்துகள்
தாளில் ஒன்றுகூட இல்லை.

அவர் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்து
‘ஜொமி’ என்றார். எனக்கு ஜமீன் என்று கேட்டது.
இரண்டு கையையும் விரித்து, பிறகு மூடி,
பிறகு மேலே, மனைவி படுத்திருக்கும் அறையைக் காட்டினார்.
வரப்பு போட்ட வயல் மாதிரிதான்
இருந்தது அந்தத் தாள்.

அணைத்தேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன்.
மறுபடி கட்டம்.
எழுத்துரு இல்லையாம். திரைக்குத் தெரிந்த எழுத்து
பிரிண்டருக்குத் தெரியாதாம்.
அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை,
என் வாசல் போர்டே எனக்குக் கட்டம்தான்.

எட்டு நாற்பது. தாள் பறக்கிறதென்று
ஃபேனை நிறுத்தியாகிவிட்டது.
வேர்வை கீபோர்டில் சொட்டுகிறது.
எதையோ அழுத்த, எதற்குள்ளோ போக,
மூலையில் ஒரு சின்னப் பெட்டி:
‘படமாக அச்சிடு’.
அதாவது, படிக்காதே, பார்த்தபடி வரை.

டிக் செய்தேன்.
யோசித்து யோசித்து வந்தது ஒவ்வொரு வரியும்.
சிவப்பு முத்திரை பச்சையாக வந்தது.
எழுத்துகள் தொங்கின.
சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்?
அவர் உதட்டைப் பார்த்தேன்.
அசைந்தது. மூன்றாவது வரியில் நின்றது.
அங்கே ஓர் எண் இருந்தது.
சரியாகத்தான் வந்திருக்கிறது.

வாஷிங் மெஷின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.
படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை,
நான் டார்ச் பிடித்தேன்.
எட்டு ஐம்பத்தாறு.

திரையில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது:
‘சிக்கல் தீர்ந்ததா?’ ஆம். இல்லை.
மூடிவிட்டேன்.

அவர் நீட்டிய பத்து ரூபாயை
வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன். மெஜந்தா எழுநூற்றைம்பது.

வீணான தாள் கணக்கு எழுத ஆகும்.
இன்று காலை பின்பக்கத்தில் எழுதினேன்:
பால் ஒன்றரை லிட்டர், இரண்டாம் அறைக்கு அரை.
மை ஊறி, இந்தப் பக்கமும்
லேசாகத் தெரிகின்றன கட்டங்கள்.